இரண்டாம் சரணத்துக்கு முந்திய மூச்சு

முதலில் அந்த மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், வக்கீலம்மா. கொஞ்சம் வியர்க்கும், பரவாயில்லை. அதன் இறக்கை ஒன்று வளைந்திருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்கிறது. உங்களுக்குப் பழகியிருக்கும். எனக்கு அது காதில் விழுந்துகொண்டே இருந்தால் வேறு எதுவும் ஓடாது.

நன்றி. இனி பேசலாம்.

என் தங்கைக்காக, பாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் மீது நீங்கள் தயாரித்திருக்கும் மனுவைப் படித்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். என்னைச் சாட்சியாகப் போட்டிருப்பதிலும் எனக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு சொல்தான் உறுத்துகிறது. அன்றைய நிகழ்ச்சியில் அவள் காது போனதற்கு 'கருவிக் கோளாறும் ஒலிப்பொறியாளரின் கவனக்குறைவும்' காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒலிப்பொறியாளன் நான்தான். என் வேலையில் கவனக்குறைவு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் நானே தேடி வந்தேன்.

பாட்டு உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் யார் இருக்கிறார்கள்? பல் பிடுங்கக் காத்திருக்கும் அறையில் அதுதான் ஓடுகிறது, லிஃப்டுக்குள் அதுதான் ஓடுகிறது. பெண் நம் மொழியில் பாடுவாள். ஆண் அவன் மொழியில் பாடுவான். பல்லவி மட்டும் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மூன்றாவது மொழியில். அவள் பாடுவது அவனுக்குப் புரியாது, அவன் பாடுவது அவளுக்குப் புரியாது. அன்புக்கு மொழி தேவையில்லை என்பதற்கு இந்த ஜோடியே சாட்சி என்று பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. எழுதட்டும், அவர்கள் மை, அவர்கள் காகிதம்.

அந்த மெட்டு எங்கள் வீட்டுப் பின்னறையில் பிறந்தது. எதிரொலி வராமலிருக்க மெத்தைகளைச் சுவரில் சாய்த்து வைத்து, துணி அலமாரிகளைத் திறந்து போட்டு, ஒரே மைக்குக்கு முன்னால் நானும் தங்கையும் தோளோடு தோள் ஒட்டி நின்று பாடினோம். மெட்டு என்னுடையது, ஆண் குரலும் என்னுடையது. சிறுவயதிலிருந்தே எங்களுக்குள் ஒரு வழக்கம். சரணம் தொடங்கும் முன் நான் மூச்சை இழுப்பேன். அதைக் கேட்டதும் அவள் எடுப்பாள். கையசைப்பு, கண்ஜாடை எதுவும் வேண்டியதில்லை.

நிறுவனத்தின் மேலாளர் அதைக் கேட்டுவிட்டு எங்களை அழைத்தார். கண்ணாடி மேசை, காகிதக் கோப்பையில் தேநீர்.

"உங்க குரல்ல குறை ஒண்ணும் இல்ல சார். ஆனா இந்த ஊரத் தாண்டாது. ஆண் பகுதிக்கு வெளிநாட்டுப் பையன் ஒருத்தனப் போடலாம்னு பாக்குறோம்."

தங்கை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ என்னண்ணா சொல்ற?" என்றாள்.

"பாடு," என்றேன்.

அவள் கேட்டிருக்கக் கூடாது, வக்கீலம்மா. அண்ணன் இல்லாமல் பாடமாட்டேன் என்று அவளாகவே சொல்லியிருக்க வேண்டும். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டாலே பாதி பதில் சொல்லியாயிற்று. நீங்கள் நீதிமன்றத்தில் பார்க்காததா?

அப்படி வந்தவன்தான் நெட்டையன். தங்கை வைத்த பெயர், ஆள் அவ்வளவு உயரம். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். என் பகுதியை அழித்துவிட்டு அதன்மேல் அவன் குரலை ஏற்றினார்கள். நாங்கள் ஒரே மைக்கில் பாடியிருந்ததால் தங்கையின் பகுதியில் என் மூச்சு ஒன்று, இரண்டாம் சரணத்துக்கு முன்னால் இழுத்தது, ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. துடைக்க மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். உலகம் கேட்ட என் குரல் அவ்வளவுதான்.

கறிவேப்பிலையாக எடுத்து எறிந்த பிறகு, போனால் போகிறதென்று ஒரு வேலையும் கொடுத்தார்கள். மேடையில் பாடுகிறவர்களுக்கு நீங்கள் கேட்கும் சத்தம் கேட்காது. அவர்கள் காதில் அச்செடுத்துப் பொருத்திய சின்னக் கருவி இருக்கும். அதற்குள் என்ன கேட்க வேண்டும், எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை மேடையோரத்தில் நிற்கும் ஒருவன் தீர்மானிப்பான். தங்கையின் காதுக்கு அந்த ஒருவன் நான். நாடு நாடாகக் கூடவே போனேன்.

தொடங்கியது அவள்தான். முதல் ஊரிலேயே ஒத்திகையில் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அண்ணா, நெட்டை பாடுறது கேக்கல. அவன் குரல ஏத்து."

ஏற்றினேன். அடுத்த ஊரில் அவள் கேட்காமலே இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். அளவுக்கு மேல் சத்தம் போகாமல் தடுக்க லிமிட்டர் என்று ஒரு காவல் உண்டு. அதன் எல்லையையும் ஊருக்கு ஊர் சற்றுத் தள்ளி வைத்தேன். அவனைத்தானே கேட்க வேண்டும் என்றாள், கேட்கட்டும் என்று இருந்தது. எனக்குப் பொறாமை கிடையாது. கசப்பு இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

"காதுல பஞ்ச அடைச்ச மாதிரி இருக்குண்ணா," என்பாள் நிகழ்ச்சி முடிந்ததும்.

"கூட்டத்துல அத்தன கூச்சல். தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்."

முதலில் சரியாகத்தான் போயிற்று. ஓய்வு கொடுக்காத காது திரும்பி வராது என்பது இந்த வேலைக்கு வருகிறவன் முதல் வாரமே படிக்கிற பாடம். எனக்கும் தெரியும். காது மங்குவது அவளுக்குத்தான் தெரியவில்லை. தெரியாததற்குக் காரணம் அந்தப் பாட்டேதான். காது மங்கும்போது முதலில் போவது சொற்களின் விளிம்பு. யாராவது நம் மொழியில் பேசியிருந்தால் 'என்ன, என்ன' என்று கேட்டிருப்பாள். அவளோ நாள் முழுக்கப் புரியாத மொழிக்காரர்களோடு இருந்தாள், புரியாத மொழியில் ஒருவன் பாடுவதைக் கேட்டு நின்றாள். எப்போதும் புரியாத ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்காமல் போவதை யாரால் கண்டுபிடிக்க முடியும்? அன்புக்கு மொழி தேவையில்லையாம்.

அந்தக் காலத்தில் எனக்கு ஒரு நிம்மதியும் கிடைத்தது. தன் இடம் எப்போது வருகிறது என்று அவளுக்குச் சந்தேகம் வரத் தொடங்கியதும் நெட்டையனைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேடையோரம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மூச்சை இழுப்பேன், நெஞ்சு உயர்வதைப் பார்த்து அவள் எடுப்பாள். பழையபடி நாங்கள் இருவரும் பாடுவதுபோலவே இருந்தது. கூட்டம் அதை நாணம் என்று நினைத்துக் கைதட்டியது.

அம்மாதான் முதலில் சொன்னவள். தொலைபேசியில், "என்னடி, நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்ற?" என்று சிரித்தாள். நெட்டையன் சிரிக்கவில்லை. ஒருநாள் விடுதி வரவேற்பறையில் பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனான். போனது போனதுதான், ஆனால் இப்போதே நிறுத்தினால் இருப்பது நிலைக்கும், தாராளமாகப் பாடலாம் என்றார் மருத்துவர். ஒப்புக்கொண்ட ஒரு நிகழ்ச்சி மட்டும் பாக்கி. அதற்குப் பிறகு நீண்ட ஓய்வு, ஓய்வுக்குப் பிறகு அடுத்த பாட்டு.

"அடுத்ததுல அவன் நம்ம மொழியில பாடப் போறானாம்ணா. எங்கிட்டயே கத்துக்கப் போறானாம்," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

என்னிடம் மிச்சமிருந்தது அந்த மொழி ஒன்றுதான், வக்கீலம்மா.

ஆகவே அந்தக் கடைசி நிகழ்ச்சியில் கருவி கோளாறு செய்யவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தது. லிமிட்டரைப் பிற்பகலில் சோதனை முடிந்த பிறகு எடுத்துவிட்டேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால், பின்னணிப் பதிவிலிருந்து என் மூச்சு அரங்கம் முழுக்க ஒலிக்கும் அந்த இடத்தில், அவள் காதுக்கு மட்டும் செவிப்பறையைக் கிழிக்கும் ஓர் ஊளையை அனுப்பினேன். வெளியே ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. கையை உயர்த்தி அவள் பிடுங்குவதற்குள் வேலை முடிந்திருந்தது. மேடையில் உட்கார்ந்துவிட்டாள். நெட்டையன் அவளைத் தூக்க ஓடி வந்தான், ஆனால் அவள் என் பக்கம்தான் கையை நீட்டினாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான் அவளை வெறுத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இப்போது அவளைப் பார்த்துக்கொள்வது யார்? செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழியை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, அவ்வளவு கவனமாக இருக்கிறோம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகுகிறாள். அம்மாவின் உதடு அவளுக்குப் பிடிபடவில்லை. நெட்டையன் வந்திருந்தான், கஷ்டப்பட்டுக் கற்ற நம் மொழியில் நாலு வார்த்தை பேசினான். அவள் வெறுமனே தலையாட்டினாள். என் உதடு மட்டும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

போன வாரம் பின்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் நின்று, அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கினாள். முதல் சரணம் முடிந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பழக்கதோஷம், மூச்சை இழுத்தேன். நெஞ்சு உயர்ந்ததைப் பார்த்துவிட்டு எடுத்தாள், கடைசிவரை பாடினாள்.

முடித்துவிட்டுச் சொன்னாள்: "உன் மூச்ச அழிக்கணும்னு அவங்க ஒத்தக்கால்ல நின்னாங்கண்ணா. அது இல்லன்னா பாட்ட வெளிய விடமாட்டேன்னு நாந்தான் சண்ட போட்டேன். உனக்குத் தெரியாதுல்ல?"

எனக்குத் தெரியாது. கையிலிருந்த துணியை மறுபடி மடித்தேன்.

பிறகு அவள் கேட்டாள்.

"காது இல்லாமயும் பாடுறவங்க இருக்காங்களாம். நெட்டை எழுதிக் காட்டினான். நீ சொன்னா நம்புறேன். சுருதி சேந்துதாண்ணா?"

அவளுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக உதட்டை நிதானமாக அசைத்து, "இல்ல பாப்பா, சேரல," என்றேன்.

தலையாட்டினாள். மீதித் துணியை எடுத்து என்னோடு சேர்ந்து மடித்தாள். அதன்பின் அவள் பாடவில்லை, இனிப் பாடவும் மாட்டாள். நாலு பேர் நடுவில் பாடிச் சிரிப்புக்கிடமாகாமல் அவளைக் காப்பாற்றியிருக்கிறேன், அண்ணன் வேறு எதற்கு இருக்கிறான்?

என் காதில் பிழை இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், வக்கீலம்மா. சுருதி ஒரு மயிரிழைகூட விலகவில்லை. அவ்வளவு சுத்தமாக அவள் ஒருநாளும் பாடியதில்லை.