மின்விசிறியை நிறுத்தி வைத்தோம்

சென்ற செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு பணி ஓய்வு பெறும் எங்கள் டாக்டர் தம் கடைசி எக்ஸ்ரே படத்துக்குத் தரம் எழுதிக் கையெழுத்திட்டார்.

நிழலைப் படித்து நிஜத்தைச் சொன்னவரே! இருட்டில் இருந்தபடி எலும்பின் இயல்பை அளந்தவரே! பிறவாத குட்டிகளின் வலியைப் பிறக்குமுன்னே தடுத்தவரே! வணக்கம்.

இப்படியே தொடர்ந்தால், "போதும்ப்பா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். ஆகவே விளிப்பதை இத்துடன் நிறுத்தி, அவர் இங்கே இல்லாததைப் போல அவரைப் பற்றிச் சொல்கிறோம். பொறுத்துக்கொள்வார். இல்லாததைப் போல இருப்பது அவருக்குப் பழக்கம்தான்.

இனப்பெருக்கத்துக்கு விடுமுன் நாய்களின் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரேக்களைப் பார்த்துத் தரம் எழுதுவது அவர் பணி. தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் ஆழமாக உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னங்கால் முழங்கை வழவழப்பாக இருக்க வேண்டும். அங்கே எலும்பு முள்விட்டிருந்தால் அந்த நாய்க்குக் குட்டி கூடாது. பெற்றவளின் மூட்டு பிள்ளைக்கும் வரும். மூன்று டாக்டர்கள், மூன்று அறைகள். படத்தில் எண் மட்டும் இருக்கும். நாயையும் பார்க்கக் கூடாது, உரியவரையும் பார்க்கக் கூடாது. பிறகு மூன்று தரங்களையும் சேர்த்துப் பார்ப்போம்.

தாழ்வாரத்தில் நாய்கள் நடந்து வரும் நகச்சத்தம் அவர் அறைவரை கேட்கும். ஒரு கால் தயங்கினால் காது காட்டிக்கொடுத்துவிடும். அது முறையல்ல என்று அவர் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொள்வார். குளிர்காலத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு, தலைக்கு மேல் அது சுழலச் சுழல உட்கார்ந்திருப்பார். நாய்கள் எல்லாம் போன பிறகுதான் சாப்பிட வெளியே வருவார். அதற்குள் நாங்கள் சாப்பிட்டு முடித்திருப்போம். காத்திருப்போர் பெஞ்சில் ஒட்டியிருக்கும் முடி ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார். பிறகு கை கழுவுவார்.

நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'எலும்பம்மா' என்று அழைத்தது அவருக்குத் தெரியும். எக்ஸ்ரே எடுப்பவரை நாங்கள் நேராண்ணன் என்போம். மயக்கத்தில் மல்லாந்து கிடக்கும் நாயின் பின்னங்கால்களை இழுத்துப் பிடித்து "நேரா, நேரா" என்று அதனிடமே கெஞ்சுவார். இருவருக்கும் ஓயாத வழக்கு.

"படம் கோணல் தம்பி. நாய் கோணல் இல்ல. திரும்ப எடுங்க."

"நாயைக்கூடப் படிய வெச்சிடலாம், இந்த எலும்பம்மாவைப் படிய வைக்க முடியாதுடா சாமி!"

ஒருமுறை நாய் வளர்ப்பவர் ஒருவர் வரவேற்பறையில் நின்று கத்தினார். "ஒரு கடுகளவு எலும்புக்கு என் நாயோட வம்சத்தையே அறுத்துட்டீங்களே! நல்லாருப்பீங்களா?" டாக்டர் வெளியே வரவில்லை. அந்த ஆள் போன பிறகு கதவைக் கொஞ்சம் திறந்து, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டார்.

"அது நொண்டுதாம்மா?"

"இல்ல மேடம். குதிச்சிக்கிட்டுப் போச்சு."

"இப்ப குதிக்கும்." கதவைச் சாத்தப் போனவர், "என்ன நிறம்?" என்றார்.

வீட்டில் அவர் மட்டும்தான். விடுமுறை நாளில் தொலைபேசியில் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். நாய் ஒன்று வளர்க்கலாமே என்று கேட்டதற்கு, "வளத்தா அதையும் படம் எடுத்துப் பாக்கத் தோணும்" என்றார். சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

எனவே ஒரு திட்டம் போட்டோம். நேராண்ணன் வீட்டில் ஒரு பெண் நாய் வளர்கிறது. அதற்குப் பிறக்கப்போகும் முதல் குட்டி டாக்டருக்கே என்று சொல்லி, இந்த விழாவில் அவர் மடியில் ஒரு கூடையை வைப்பது என்று முடிவு. கூடையும் வாங்கியாயிற்று. அதற்கு முன் அந்த நாய்க்கும் எக்ஸ்ரே வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். நேராண்ணன் தாமே படம் எடுத்தார். அது எண்ணாக மாறி, மற்ற எண்களோடு மூன்று அறைகளுக்கும் போனது. செவ்வாய்க்கிழமை டாக்டர் கையெழுத்திட்ட கடைசிப் படம் அதுதான்.

இடுப்பு அருமை. இடது முழங்கைக்கு மற்ற இருவரும் 'லேசான குறை, குட்டி போடலாம்' என்று எழுதியிருந்தார்கள். இவர் அதற்கு அடுத்த தரத்தை எழுதியிருந்தார். அந்தத் தரத்துக்குக் குட்டி கிடையாது. மூவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பென்சில் முனையால் ஓரிடத்தைத் தொட்டு, "இங்க பாருங்க" என்றார். பார்த்தார்கள். முள் இருந்தது. தரத்தை மாற்றி எழுதினார்கள்.

அது யாருடைய நாய், எதற்காக எடுத்த படம் என்பது இந்த வரியைக் கேட்கும்வரை அவருக்குத் தெரியாது. குறை சொல்ல இதை எழுதவில்லை. நேராண்ணன் முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "சரியாத்தான் பாத்திருக்காங்க. நானே எடுத்த படம், கோணல்னு சொல்லவும் வழியில்ல." கூடையைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார்.

நீண்ட நாள் வாழ்க என்று வாழ்த்த எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கு அந்த நாட்கள் ஒவ்வொன்றின் நீளத்தைப் பற்றித்தான் கவலை. அவை உடல் நலத்தோடும், உடன் நடக்க ஒரு துணையோடும் அமையட்டும்.

இப்படிக்கு,
கதவின் மறுபக்கத்தில் இருந்த பணியாளர்கள்

கையெழுத்துகளுக்குக் கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறோம். அதில் இருப்பதை நேராண்ணனே வாசிப்பார். பேசுகிறபடியே எழுதித் தந்திருக்கிறார். இந்தக் கூடத்தின் மின்விசிறிகளை நிறுத்தி வைத்திருக்கிறோம். புழுங்கும், மன்னிக்கவும். வெளியே கேட்பது அந்த நாயின் நகச்சத்தம்.

"மேடம், நானும் வீட்டுக்காரியும் காலைல கிளம்பினா சாயங்காலம்தான் வர்றோம். அதுவரைக்கும் எங்க நாய் கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. குட்டிதான் இல்லன்னு ஆயிடுச்சு. பகல் நேரத்துக்கு அவளையே உங்ககிட்ட விட்டுட்டுப் போகட்டுமா?"