கடைசியாக வந்த எண்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்தால் நன்றாக இருக்கும். சத்தம் எனக்கு ஆகாது. நன்றி.

பிறர் சி என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்களில் பிழை தேடுவது என் வேலை. தொழிற்சாலையின் தொட்டிக்கூடத்தில் விஷவாயுவை அளக்கும் கருவி இருக்கிறதல்லவா, அது அளந்த எண்ணைக் கம்பி வழியே அனுப்பும். எங்கள் நிரல் சாக்கெட் என்ற இணைப்பு வாயிலில் காது வைத்துக் கேட்டு, வந்த எண்ணை ஒரு கோப்பில் போடும். நினைவகத்திலேயே விரித்துவைத்த கோப்பு. மெமரி மேப் என்போம். கட்டுப்பாட்டு அறையின் திரை அதைப் பார்த்துத்தான் பச்சையோ சிவப்போ காட்டும். அழகான வேலை. எழுதியவர் என் தங்கையின் கணவர்.

ஒரே ஒரு குறை. கம்பி கழன்றுவிட்டால் நிரலுக்குத் தெரியாது. அடுத்த எண் வருமென்று இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருக்கும். கோப்பில் கடைசியாக வந்த எண் அப்படியே கிடக்கும். திரையும் பச்சையாகவே இருக்கும்.

மேலாளர் முன்னால் இதைச் சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தார்.

"மச்சான், நீங்க இல்லாத பேயையே ஓட்டிக்கிட்டு இருப்பீங்க. நடக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

மேலாளரும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நடக்காத பிழையை யார் ஒப்புக்கொள்வார்கள்? நடத்தித்தான் காட்ட வேண்டும்.

தொட்டிக்குள் இறங்கிக் கசடு அள்ளுபவரை நாங்கள் பாட்டுக்காரர் என்போம். உள்ளே இருக்கும்வரை பாடிக்கொண்டே இருப்பார். அன்று இறங்குமுன் என்னிடம் கேட்டார்.

"திரையில எல்லாம் சரியா இருக்கா சார்?"

"பச்சைதான். இறங்குங்க."

அந்த நேரத்தில் அது உண்மை. பொய் சொல்லும் வழக்கம் எனக்கில்லை.

கசடைக் கிளறினால் வாயு கிளம்பும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் இறங்கியதும் கருவியின் கம்பியை நான் பிடுங்கினேன். பிறகு மேலாளரையும் மாப்பிள்ளையையும் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப்போய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"கொஞ்சம் பொறுங்க."

சன்னல் வழியாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்கவில்லை. இருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எண் அசையவில்லை. இன்னும் சற்று நேரம் காத்திருந்தேன். எண் வரத் தாமதம் என்று பின்னால் யாரும் சாக்குச் சொல்லக் கூடாதே.

"இப்ப தொட்டியப் போய்ப் பாருங்க," என்றேன்.

மாப்பிள்ளைக்கு மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது. கெட்டிக்காரர். முகம் வெளுக்க ஓடினார். விஷவாயுவைத் தடுக்கும் முகமூடி என் தோளுக்குப் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. பாட்டுக்காரரைத் தூக்க அவரும் உள்ளே இறங்கினார்.

இருவரையும் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் தங்கைக்கு ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், அவள் என் முகத்தில் விழிப்பதில்லை. அவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். ஓடும்போது என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ கத்தினார்; சரியாகக் காதில் விழவில்லை. 'நீங்க சொன்னது சரி மச்சான்' என்றுதான் இருக்க வேண்டும்.