அந்தி வெற்றிலை

வெற்றிலை விஷயத்தில் நான் கஞ்சத்தனம் பார்த்தவனில்லை ஐயா. பூந்தமல்லிச் சந்தைக்கு நானே போய், கொழுந்தாகப் பார்த்து வாங்கி வருவேன். எங்கள் பக்கத்தில் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்தால்தான் ஆளை வேலைக்கு வைத்ததாக அர்த்தம். தாங்கள் விசாரிக்க வந்த நஷ்டஈட்டு விவகாரமும் அங்கேதான் தொடங்குகிறது.

நசரத்பேட்டையில் ரைஸ் மில் நடத்துகிறவனின் கஷ்டம் யாருக்குத் தெரியும்? யுத்தம் வந்ததும் பாதி ஆட்கள் ஆவடிப் பட்டாளத்து வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவனோ மூட்டை தூக்கி இடுப்பு போனால் வீட்டில் படுத்துக்கொள்கிறான். நெல் வண்டிகள் வாசலில் காத்துக் கிடக்கும். படுத்தவனுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று துரைமார் சட்டம் வேறு. பட்ட காலிலே படும் என்று எங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் காலையில் கொடுக்கிற வெற்றிலையை அந்திக்கு மாற்றினேன். பகலெல்லாம் மூட்டை தூக்குவது பரீட்சை. பொழுது சாய்ந்ததும் தேறியவர்களுக்கு வெற்றிலையும் கூலியும். மறுநாள் மறுபடி பரீட்சை. என் ஆள் என்று ஆன பிறகு ஒருவனுக்கும் இடுப்பு பிடித்ததில்லை. எந்த முதலாளி இப்படி மார்தட்டிக்கொள்ள முடியும்?

துலுக்கானம் மூன்று வருஷமாகப் பரீட்சையில் இருந்தான். போன மாதம் உச்சி வேளையில் மூட்டையோடு விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவன் பெண்சாதி ராஜம்மா வந்து கேட்டபோது, அவன் என் ஆளே இல்லையே என்று தன்மையாகத்தான் சொன்னேன். திரும்பிப் போய்விட்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

மறுநாள் காலை பரீட்சைக்கு வந்தவர்கள் ஒருவரும் மூட்டையைத் தொடவில்லை. ராஜம்மாவும் அவர்களோடு நின்றாள். வீம்புக்கு நானே ஒரு மூட்டையைத் தூக்கினேன். இடுப்பில் ஏதோ சொடுக்கியது, மல்லாந்துவிட்டேன். என்னைத் தூக்கச் சொன்னேன். ஒருவனும் அசையவில்லை.

"இவங்க யாரும் உன் ஆளுங்க இல்லியே நைனா," என்றாள் ராஜம்மா. "மொதல்ல வெத்தல குடு. அப்பால தூக்குவாங்கோ."

படுத்தபடியே கொடுத்தேன். அவர்களில் முனியன் என்பவன் தன் பங்கை மடியில் செருகிக்கொண்டான். நாலு பேராகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். என் கனம் கொஞ்சநஞ்சமில்லை. குனிந்த முனியன் நிமிரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டான்.

காலையிலேயே வெற்றிலை வாங்கிய முனியனாவது என் ஆள்தானே என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. அவன் மடியிலிருந்து நான் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவன் இன்னும் வாயில் போட்டிருக்கவில்லை.