மூன்றாவது ஸ்டைல்

மவுஸைத் தேய்த்துத் தேய்த்து வேலை செய்கிறவர்களை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. இரண்டு விசையில் முடிகிற காரியத்துக்கு ஏன் திரை முழுக்க அலைய வேண்டும்?

கொழும்பு வெள்ளவத்தையில் கொன்ஸ்ரன்ரைனின் தட்டச்சுக் கடையில் அப்போது எனக்கு எட்டு வருட வேலை. கணினி வந்ததும் எழுத்துகளுக்கான ஸ்டைல்களை நானே உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குவிசை கொடுத்தேன். ஆல்ற்–ரீ அழுத்தினால் தமிழ் எழுத்துரு. ஆல்ற்–ஈ என்றால் ஆங்கிலம். ஆல்ற்–எச் அழுத்தினால் தெரிவுசெய்த வரி மறைந்துவிடும். கோப்பில் இருக்கும், அச்சில் வராது. அது என் சொந்தக் குறிப்புகளுக்காக வைத்தது.

கதிர்காமநாதன் கிளிநொச்சியில் கிளாக்கராக இருந்தவர். வெளிநாடு போவதற்காக, தொண்ணூற்றேழில் தாயுடன் வந்து மயிலம்மாவின் லொட்ஜில் தங்கினார். பொழுது போகவில்லை என்று கடையில் கைகொடுத்தார். நல்ல வேகம். அதில் எனக்குப் பொறாமை ஏதும் இல்லை.

ஒரு நாள் நான் சாப்பிடப் போன நேரம் என் விசைகளை மாற்றி வைத்துவிட்டார்.

“அண்ணை, உங்கட கீயெல்லாம் கைக்குத் தூரம். கிட்ட வச்சிருக்கிறன், பழகினாச் சுகம்.”

அவர் சொல்வதற்குள் நான் ஒரு கலியாணக் கார்ட்டை அடித்து அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். திரையைப் பார்த்து அடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. மணமகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் கண்டபடி கிடந்தன. எழுத்துரு மாறினால் தமிழ் அப்படித்தான் சிதறும். பெண்ணின் தகப்பனுக்கு முன்னால் கொன்ஸ்ரன்ரைன் சிரித்தார்.

“ஐசே, திங்கக்கிழமையில இருந்து நாதன் அந்தக் கொம்பியூட்டரில இருக்கட்டும். நீர் போட்டோகொப்பியைப் பாரும்.”

எல்லாரும் போனதும் விசைகளைப் பழையபடி மாற்றினேன்.

லொட்ஜில் தங்கும் தமிழரின் பெயர்ப் பட்டியலைப் பொலிசுக்குக் கொடுக்க வேண்டிய காலம் அது. மயிலம்மாவின் பட்டியலை அந்த வாரமும் நான்தான் அடித்தேன். பதினாறாவது பெயர் கனகேஸ்வரி, கதிர்காமநாதனின் தாய். அதில் நான் கை வைக்கவில்லை. பதினேழாவது வரியைத் தெரிவுசெய்து ஆல்ற்–எச் அழுத்தினேன். கீழே இருந்த பெயர்கள் மேலேறின, இலக்கங்களும் தாமாகவே திருந்தின. மயிலம்மா மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.

வியாழக்கிழமை லொட்ஜில் பொலிஸ் சுற்றிவளைப்பு. பட்டியலில் பெயர் இல்லாத ஒருவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மயிலம்மா கடைக்கு ஓடி வந்தார்.

“அவற்ற பேரை நான் எழுதித் தந்தனானெல்லே? பாரும்!”

மறைந்ததைத் திரையில் காட்டவும் ஒரு விசை இருக்கிறது. காட்டினேன். “ஓம், இருக்கு. பொலிசில துலைச்சிருப்பினம்,” என்றேன். உடனே ஒரு பிரதி கேட்டார். பிரிண்டர் பழுது என்றேன். இரண்டு நாள் உள்ளே இருந்தால் ஆள் அடங்குவார் என்பதுதான் என் எண்ணம். மூன்று வருடமாகிவிட்டது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கனகேஸ்வரி அம்மா வெளிநாட்டுக்கும் போகவில்லை, ஊருக்கும் போகவில்லை. மாதம் ஒருமுறை மனு அடிக்க என்னிடம்தான் வருகிறார். மனு ஆங்கிலத்தில் போக வேண்டும். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது.

“தம்பி, என்ர பிள்ளையின்ர பேர் பொலிசுக்குக் குடுத்த லிஸ்ற்றில இருந்தது எண்டு வடிவாப் போடும்.”

அவர் பார்த்துக்கொண்டிருக்க, சொன்னபடியே அடிப்பேன். அச்சுக்கு அனுப்பும் முன் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் ஆல்ற்–எச். இதுவரை முப்பத்தைந்து மனுக்கள், எல்லாவற்றிலும் அப்படித்தான்.

பொய் என்று தெரிந்த ஒன்றை அச்சடித்து ஒரு தாயின் கையில் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.