டெல்ஃபினா முடிக்காத சுவர்

பெரிய சுவரில் சின்னப் படங்களை மாட்டினால் சுவர் இன்னும் காலியாகத்தான் தெரியும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு எதிரே இருக்கிறதே, அந்தச் சுவர்தான். கூரை வரைக்கும் போகிறது. ஆர்விட் ஓய்வு பெற்றதும் சுப்பீரியர் ஏரியைப் பார்த்தபடி இந்த வீட்டைக் கட்டினோம். இந்தச் சுவரைத் தவிர எல்லாம் சரியாக அமைந்தது.

என்னால் முடிந்ததைச் செய்தேன். ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றை மாட்டினேன். கைக்குட்டையைக் காயப்போட்டதுபோல் இருந்தது. மான்கொம்பு மாட்டினேன், கண்ணாடி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் ஆர்விட்டைக் கூப்பிட்டுக் காட்டுவேன். "நல்லாத்தான் இருக்கு" என்பார், தலையைத் திருப்பாமலே. என் கணவர் பேச்சு குறைந்த மனிதர், டெபுடி ஷெரிஃப். எனக்கு அதில் குறை இருந்ததில்லை. யாரிடமும் பேசாதவர் என்னிடமும் பேசவில்லை, அவ்வளவுதான்.

டெல்ஃபினா போன இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டுக்கு வாடகைக்கு வந்தாள். அரிசோனாவில் பிறந்து வளர்ந்த ஓவியக்காரி. குளிர்காலத்து ஏரியை வரைய வந்திருப்பதாகவும், வசந்தம் வந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவதாகவும் சொன்னாள். நான்தான் அவளைக் காபிக்குக் கூப்பிட்டேன். உள்ளே வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது சுவரா, கால்பந்து மைதானமா? இத இப்படிப் பட்டினி போட்டு வெச்சிருக்கீங்களே, மேவிஸ்."

"எத மாட்டினாலும் பொருந்தல," என்றேன்.

"மாட்டினாப் பொருந்தாது. வரையணும். ஆர்விட், நீங்க என்ன சொல்றீங்க? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

ஆர்விட் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். "ஏரிய வரைவியா?" என்று கேட்டார். அந்தச் சுவரைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

மறு வாரமே வேலை தொடங்கியது. அவள் ஏறி நிற்க ஆர்விட் பலகையில் சாரம் அடித்துக் கொடுத்தார். வண்ணம் கலக்கிக் கொடுத்தார். நான் சமையலறையில் இருப்பேன். அவர்கள் பேசுவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

"இந்த நீலம் சரியா?"

"ஏரி அவ்வளவு நல்ல பிள்ளை கிடையாது. இன்னும் கொஞ்சம் கருப்பு ஊத்து."

"அடேயப்பா, வாத்தியார் வந்துட்டாரு."

ஒரு நாள் மத்தியானம் அவர்களுக்கு உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் எடுத்துப் போனேன். ஆர்விட் தம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி சிறுவயதில் காய்ச்சலில் செத்துப்போனது எனக்குத் தெரியும். ஆனால் மருத்துவர் வீடு வரைக்கும் பனியில் அவனை முதுகில் சுமந்து போனதும், வழியிலேயே அவன் மூச்சு நின்று முதுகு கனத்துப்போனதும் எனக்குத் தெரியாது. டெல்ஃபினா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வாசல்படியில் தட்டோடு நின்றேன். பிறகு அதைச் சமையலறைக்கே கொண்டுபோய் மறுபடி சூடாக்கினேன்.

தப்பாக நினைக்காதீர்கள். அவர்களுக்குள் ஒன்றுமில்லை. இருந்திருந்தால் சுலபம். சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், மன்னித்தும் இருப்பேன். வசந்தத்தில் அவள் போய்விடுவாள் என்பதும் தெரியும். ஆனால் சுவர் போகாதே. ஒவ்வொரு நாளும் காபிக் கோப்பையோடு அவர் அதைப் பார்ப்பார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு காலை அவள் என்னிடம் வந்து கேட்டாள்.

"மேவிஸ், இந்த மூலைக்குக் கரை வேணும். அத ஏரிப் பக்கமிருந்து பாத்தாத்தான் வரும். ஐஸ் தாங்குமா?"

"லாரியே தாங்கும்," என்றேன்.

அது பொய்யில்லை. ஐஸ் நல்ல கனமாகத்தான் இருந்தது. காற்றைப் பற்றி அவள் கேட்கவில்லை. காட்டுப் பக்கமிருந்து பலமாக அடிக்கும்போது எவ்வளவு கனமான ஐஸும் கரையை விட்டுக் கழன்று ஏரிக்குள் போய்விடும். இங்கே பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளுக்கும் அது தெரியும். பாலைவனத்தில் வளர்ந்தவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"எவ்வளவு தூரம் போகலாம்?"

"வீடு முழுசாத் தெரியிற வரைக்கும் போ. குளிரும், இதச் சுத்திக்கோ." என் கழுத்துத் துணியை நானே அவளுக்குக் கட்டிவிட்டேன். "நீங்க தங்கம், மேவிஸ்," என்று கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் ஜன்னலருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கரைக்கும் ஐஸுக்கும் நடுவில் முதலில் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கோடு தெரிந்தது. அது மெல்ல அகலமானது. அவள் மடியில் தாளை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். நிமிர்ந்ததும் கையசைத்தாள். நானும் கையசைத்தேன். அதன் பிறகுதான் ஓடத் தொடங்கினாள், விளிம்பை ஒட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

ஆர்விட் நிலவறையில் சாரத்துக்கு இன்னொரு பலகை அறுத்துக்கொண்டிருந்தார். ரம்பத்தை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார்.

"மேவிஸ், யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?"

"ஹால்வர்சன் வீட்டு நாய்," என்றேன்.

ரம்பம் மறுபடி ஓடியது. நான் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினேன். சாயங்காலம் அவளைப் பற்றிக் கேட்டார். தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். மறுநாள் அவள் வீட்டில் இல்லை என்று ஆர்விட் உங்களுக்குத் தகவல் கொடுத்தார், ஹெலிகாப்டர் அவளைக் கண்டுபிடித்தது. ஐஸ் மேலேதான் இருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, விறைத்துச் செத்துப்போய். நீங்களும் போயிருந்தீர்கள், உங்களுக்குத் தெரியும். அன்று நான் அழுதது நடிப்பில்லை. என் மனம் கல் இல்லை.

எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். சுவருக்கு வெள்ளையடித்துவிடலாம் என்று சொன்னபோது ஆர்விட், "அதுல கை வெக்காத" என்றார். நாற்காலியை ஜன்னல் பக்கமிருந்து திருப்பி, சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது வேறு. அவள் ஐஸுக்குப் போனதற்கு முந்தின நாள் அவர்தான் அவளிடம், "கரையோட அழகு ஏரியில நின்னு பாத்தாத்தான் தெரியும்" என்று சொன்னாராம். அதனால் அவளைக் கொன்றது தானே என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். பாதிரியாரிடம் சொன்னார். தூண்டில் கடைக்காரரிடம் சொன்னார். நேற்று உங்கள் போலீஸ் அலுவலகத்துக்கே வந்து சொன்னாராமே, அதனால்தானே நீங்கள் இன்று வந்திருக்கிறீர்கள். சாப்பிடுவதில்லை. ஏரிக்கரையில் போய் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்கிறார், சத்தமாக. இப்போதும் அங்கேதான் நிற்கிறார், ஜன்னலில் பாருங்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியவர், என்னைப் பற்றி யாரிடமும் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை எழுந்ததுமே காற்றைப் பார்த்தேன். தெரிந்துதான் அனுப்பினேன். அவளைக் கொன்றவள் நான் ஒருத்திதான். அவள் சாவில் அவருக்கு இம்மிகூடப் பங்கில்லை. என்னை அழைத்துப் போவதற்கு முன்னால் அதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவளை நினைக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது.