அட்டையில் இருந்த பெயர்

சங்கத்து வேனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. கூப்பிட்டால் வரும். எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக, இருபது வீடு. சந்தா கட்டும் வீட்டுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரு பிரசவம். வேனும் கண்டியில் தனியார் ஆஸ்பத்திரிக் கட்டிலும் சங்கத்தின் செலவு. எங்கள் அட்டையில் இருந்தது பிள்ளைத்தாச்சியான மருமகள் நிலூஷாவின் பெயர். மகன் றொமேஷ் கட்டாரில்.

மகள் ஷிராணி, புருஷன் விட்டுப்போய், நிறைவயிற்றோடு என்னிடம் வந்தவள். முதல் பிள்ளையை அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பஸ்ஸிலேயே பறிகொடுத்தவள். அவளுக்கு வலி வந்ததும் வேனைக் கூப்பிட்டேன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் நான் ஐம்பது வயதில்தான் எழுத்துப் படித்தேன். சங்கத்துப் படிவத்தில் நிலூஷா என்று நானே எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஆண் பிள்ளை. நிலூஷா கோபிக்கவில்லை. தனக்குப் பெரியாஸ்பத்திரி போதும் என்றாள்.

மூன்று வாரத்தில் அவளுக்கும் வலி வந்தது. காலை எட்டு மணி. பெரியாஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். பெயர் கேட்பார்கள். சங்கத்துக் கணக்கில் நிலூஷா பிள்ளை பெற்று மூன்று வாரம். சங்கத் தலைவி டொரதி மிஸ்ஸி அங்கே பிரசவ வார்ட்டில்தான் நர்ஸ். ஒரு வீடு பொய் சொன்னால் லயத்தையே நீக்குவது சங்கத்துச் சட்டம்.

ஆட்டோக்கார நளீரின் வண்டி படிக்குக் கீழே வந்து நின்றது. பொய்வலி என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஷிராணி அழுதாள். பக்கத்து வீட்டு மூக்காயி தனக்குத் தெரிந்ததைச் செய்துகொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

மூன்று மணிக்கு நிலூஷா என் கையைப் பிடித்தாள்.

"மாமா, நான் ஷிராணி பேரயே சொல்றேன். கூட்டிட்டுப் போங்க."

நல்ல யோசனைதான். கொஞ்ச நேரம் யோசித்தும் பார்த்தேன்.

"டொரதி மிஸ்ஸிக்கு ஒன் மொகம் தெரியும் புள்ள," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஐந்தரைக்கு இரண்டு உயிரும் போனது. திடீரென்று நடந்துவிட்டதாக றொமேஷிடம் போனில் சொன்னேன்.

செத்த வீட்டுக்கு மிஸ்ஸி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஷிராணியின் மடியில் பிள்ளையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே, ராஜலிங்கம்."

லயத்தை நீக்கவில்லை. இருபது அட்டையும் பத்திரமாக இருக்கிறது. அந்த இருபது வீட்டுக்காகத்தான் பயந்தேன், ஐயா. என் கையெழுத்துக்காக இல்லை.