என் பேருல இருக்கிற சீட்டு

அவ்வளவு தூரம் நகந்து உக்கார வேணாம் கண்ணு, நான் கடிக்க மாட்டன். ஜன்னல் கம்பி உன் முதுகுல அழுத்துது பாரு. சாஞ்சு உக்காரு. ஆமா, அவரு வீட்டுக்காரிதான். உன் பனியன்ல படம் போட்டிருக்கே, திம்மராயன், முன்னாள் ஹவில்தார், அவரேதான். நான் சொல்லாமயே இருந்திருக்கலாம். தேன்கனிக்கோட்டையில ஏறினதுல இருந்து நல்லாத்தான் பேசிக்கிட்டு வந்த. அவரு சம்சாரம்னு சொன்னதும் ஒரு சாண் தள்ளிப் போயிட்ட.

பரவால்ல. ஆனா கொழந்தைகிட்டப் பேசற மாதிரி இழுத்து இழுத்துச் சத்தமாப் பேசாத. காது நல்லா கேக்குது. பாகலூர் நூலகத்துல வேல பாக்கறன். நாள் பூரா மத்தவங்கள சத்தம் போடாதீங்கன்னு அதட்டறதுதான் என் தொழிலு.

அஞ்செட்டியில இன்னிக்கு வரவேற்பா? நடைக்கு ஏற்பாடு பண்ற உங்க கம்பெனி ஆளுங்க முன்னாடியே போயிட்டாங்களா? நல்லது. அந்த அட்டப்பெட்டி என்னா, கால்ல இடிக்குது? சரி, சொல்ல வேணாம். கண்டக்டர் கேட்டாலும் இதே மாதிரி முழி.

பேனர்ல மாபெரும் நடைப்பேரணின்னு போட்டிருக்கீங்களே, நடக்கறது ஒருத்தருதானே? ஒத்தை ஆளு போனா அது பேரணியா? புத்தகத்துக்கு நடுவுலயே இருக்கறவளுக்கு இப்படிக் குத்தம் கண்டுபுடிக்கறது ஒரு வியாதி. சிரிக்கலாம் கண்ணு, இந்த வியாதி தொத்தாது.

நடையக் குறை சொல்லல. ஊத்தங்கரையில இருந்து ஒகேனக்கல் வரைக்கும் அஞ்சு நாளு, முதுகுல இருபத்தஞ்சு கிலோ மூட்ட, அம்பது வயசு. பட்டாளத்துல இருந்து மனசு ஒடஞ்சு திரும்பி வந்தவங்களுக்கு வைத்தியம் பாக்க நிதி சேக்கறாரு. நல்ல காரியம். அதுக்கு அவரவிடப் பொருத்தமான ஆளு கெடைக்க மாட்டாரு.

மொத நாளு ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுல மைக்கக் குடுத்தாங்க. இதுல உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறைன்னு யாரோ கேட்டாங்க. கூட இருந்த பட்டாளத்துக்காரங்களுக்காகன்னு சொல்லியிருக்கலாம். நாட்டுக்காகன்னு சொல்லியிருந்தா மேல யாரும் கேள்வியே கேக்க மாட்டாங்க. இவரு சொல்றாரு, என் சம்சாரத்துக்குச் சித்தம் சரியில்லீங்க, ஏழு வருசமா நான்தான் பாத்துக்கறேன், அந்த வேதனை எனக்குத் தெரியும்னு. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டினன். கூட்டத்துல நின்னா கை தானாத் தட்டுது.

என் மக பிரவீனாவப் பேசி முடிச்சிருந்த வீடும் ஊத்தங்கரையிலதான். மாப்பிள்ளையோட அம்மா வெங்கடம்மாள் என் பக்கத்துல நின்னுட்டிருந்தாங்க. இப்ப நீ நகந்தியே, அதே மாதிரி அவங்களும் நகந்தாங்க. சாயந்திரமே போன் வந்துடுச்சு. ஜாதகத்துல தோஷமாம். பத்துப் பொருத்தமும் பாத்து வெத்தல மாத்தின ஜாதகத்துல, அன்னிக்குச் சாயந்திரம்தான் தோஷம் மொளைச்சிருக்கு.

அவருகிட்ட கேக்காம இருப்பனா? போன்ல கேட்டன். ஊருக்கு ஏற்கனவே தெரிஞ்சதத்தானே சொன்னேன்னாரு. அது நெசந்தான். ஊருக்குச் சொன்னதே நான்தானே.

எங்க வீட்டுக்கு அந்தாண்ட ஒரு கல் குவாரி. மத்தியானம் சங்கு ஊதிட்டு வெடி வைப்பாங்க. கார்கில் முடிஞ்ச மறு வருசம் இவரு பென்சன் வாங்கிட்டு வந்தாரு. வந்த மொத வாரம் வெடி வெடிச்சதும் வீட்டுக்குள்ள கீச்சுன்னு ஒரு கத்தல். பயத்துல வர்ற கத்தல்ல ஆம்பளக் கொரலு, பொம்பளக் கொரலுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. எதிர்வீட்டு ரங்கம்மா ஓடி வந்து, யாரு கத்தினதுன்னா. எனக்குப் பின்னால கட்டிலுக்கடியில ரெண்டு காலு நீட்டிக்கிட்டு இருக்குது. வாசப்படிய மறிச்சு நின்னுக்கிட்டு, நான்தான்னு சொன்னன்.

வேற என்ன சொல்றது? பேங்க்ல துப்பாக்கிக் காவலு அப்பத்தான் கெடைச்சிருந்தது. சித்தம் சரியில்லாதவருக்கு லைசென்சு குடுப்பாங்களா? அதனால பெங்களூரு ஆசுபத்திரிக்கும் நான்தான் போனன். அவரு காணுற கனவ எல்லாம் ஒரு நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணி, டாக்டருகிட்ட கன்னடத்துல ஒப்பிச்சன். எங்க பாத்தாலும் பனி, பனிக்குள்ள இருந்து ஒரு கை மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்குதுன்னு. பனிய எங்கம்மா பாத்தீங்கன்னாரு. டிவியிலன்னன். ஒகேனக்கல் நொரையத் தவிர அவ்வளவு வெள்ளையா நான் எதையும் பாத்ததில்ல. அவரு நம்பி மாத்திரை எழுதினாரு. மாசாமாசம் நான் வாங்குறன், இவரு முழுங்குறாரு. சீட்டு இந்தா, வேணா பாரு. சென்னம்மாள், பெண், நாப்பத்தி மூணு.

வழியில மூட்டைய யாராவது பிரிச்சுப் பாத்துடுவாங்கன்னு பயந்து, மாத்திரைய வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாரு. இன்னியோட நாலு நாளு. அதக் குடுக்கத்தான் போறன். சண்டைய வீட்டுல வச்சுக்கலாம், அது எங்கயும் போயிடாது.

நீ ஏன் கண்ணு பெட்டியவே பாக்கற? பத்தாயிரம் வாலா சரவெடிதானே? வெடிமருந்து வாசன எனக்கு ஏறும்போதே தெரிஞ்சுது. மால போட்டதும் அவரு காலடியில கொளுத்தச் சொல்லியிருக்காங்களா?

கொளுத்தட்டும்னுதான் நெனச்சன். பொய் சொல்ல மாட்டன். இவ்வளவு நேரமும் அதத்தான் நெனச்சுக்கிட்டு வந்தன். மேடைக்கடியில அவரு தவழ்ந்து போறத எல்லாரும் பாக்கட்டும், ஊத்தங்கரைக்கும் சேதி போகட்டும்னு.

அஞ்செட்டி வந்துடுச்சு. அந்தப் பெட்டிய இப்படி என் மடியில வை. உங்க ஆளுங்க கேட்டா, அவரு சம்சாரம் புடுங்கிக்கிட்டா, பைத்தியம், நான் என்ன பண்றதுன்னு சொல்லு. நம்புவாங்க.